பியானோவின் மேல் கூடை

அன்று அந்த முன்னறையில் இருந்தவர்கள்: பக்கத்து வீட்டுக்காரி, அது அவளுடைய வீடு. அவளுடைய தாடிக்காரப் புருசன். பின்னல் ஊசியோடு வந்த ஒரு கிழவி. ஒரே மாதிரித் தொப்பி போட்ட இரண்டு கிழவர்கள். கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. வேல்ஸ் நாட்டுப் பாட்டுக்காரர், எழுபது தாண்டியவர். என் மனுசி. நான்.

லண்டன் வால்தம்ஸ்டோவில் பதினொரு வருடமாக அடுத்தடுத்த வீடு. ஞாயிறு மூன்று மணிக்கு வீட்டில் பாட்டு, வாருங்கள் என்று கேட்டாள். மறுக்க முடியவில்லை. எங்கள் ஆட்களின் விசேஷத்துக்குப் போவது மாதிரித்தான் நினைத்தேன். போவது, முகத்தைக் காட்டுவது, எதையாவது வாயில் போடுவது, கிளம்புவது. மனுசி கட்லட் பொரித்து எடுத்துக்கொண்டாள்.

"அரை மணித்தியாலத்திலை வந்திடலாம்," என்றேன்.

"நாலு மணிக்கு உங்களுக்குப் போன் வருமெல்லே."

"அதுக்கிடையிலை வந்திடுவம்."

மகனுடைய போன். அவன் சிறையில் இருக்கிறான். ஞாயிறு நாலு மணி அவனுடைய முறை. அவன்தான் அழைக்கலாம், நாங்கள் அழைக்க முடியாது. இரண்டு தரம் அடிப்பான். எடுக்காவிட்டால் அடுத்த ஞாயிறுதான். தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து மனுசி அவனோடு பேசவில்லை. போன் வந்தால் மேலே போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிடுவாள்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். மற்ற யாரும் கழற்றவில்லை. வீட்டுக்காரி ஒரு கூடையை நீட்டினாள். பாட்டு நடக்கும்போது போன் கூடாதாம். எல்லோரும் போட்டார்கள். நானும் போட்டேன். அரை மணிதானே.

எங்களை மரியாதையாக ஜன்னலடிக்குக் கொண்டுபோய் இருத்தினாள். தேநீர் குடித்து முடிய மூன்றரை. பிறகு பாட்டுக்காரர் கதிரையை இழுத்துக் கதவோடு ஒட்டிப் போட்டு இருந்தார். ஒரு காலை முக்காலியில் நீட்டினார், முழங்கால் பிழையாம். கிட்டாரை மடியில் வைத்தார். அந்த அறைக்கு ஒரே கதவு. கூடை அவருக்குப் பின்னால், பியானோவின் மேல்.

மைக் இல்லை. எங்கள் முகத்தைப் பார்த்துப் பாடினார். எல்லாம் அவரே கட்டிய பாட்டுகள். மழையில் பஸ்ஸுக்கு நின்றது பற்றி ஒன்று. மூடிப்போன கடை பற்றி ஒன்று. நடுவில் பகிடி விட்டார். ஒவ்வொரு பாட்டு முடியவும் எழும்ப நினைத்தேன். அதற்குள் அடுத்தது. ஒருவரும் இருமக்கூட இல்லை. எனக்கு நேரே சுவரில் மணிக்கூடு.

"எழும்புங்கோவன்," என்றாள் மனுசி, வாய்க்குள்.

"எப்பிடி? அவரின்ரை காலைத் தாண்டியோ?"

நாலு மணிக்கு அவர் தன் மொழியில் ஒரு பாட்டுத் தொடங்கினார். பாதியில் கூடை அதிர்ந்தது. பியானோவுக்குள் கம்பிகளும் சேர்ந்து உறுமின. அவர் பாட்டை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"என்னைவிடச் சுருதியாகப் பாடுகிறான்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். யாருடையது என்று வீட்டுக்காரி கேட்டாள். நான் கை தூக்கவில்லை. மகன் வெளியூரில் வேலை என்றுதான் தெருவில் சொல்லியிருக்கிறோம். அதிர்வு நின்றது. அவர் முதலிலிருந்து பாடினார்.

மறுபடி அதிர்ந்தது. எழும்பினேன்.

"என்னுடையது. மகன். சிறையிலிருந்து." ஆங்கிலத்தில் அவ்வளவுதான் வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. பாட்டுக்காரர் போனை எடுத்துத் தந்தார். நான் கதவைப் பார்த்தேன். அவர் காலை இறக்கப் பார்த்தார், முடியவில்லை.

"இங்கேயே பேசு," என்றார். "இப்போது நான் பாடினதும் இவர்களுக்கு விளங்காததுதான்."

அத்தனை பேருக்கும் நடுவில், சப்பாத்தில்லாத காலோடு நின்று பேசினேன்.

"ஏனப்பா முதல் எடுக்கேல்லை? பயந்திட்டன்."

"ஒரு வீட்டை வந்தனாங்கள்."

"அம்மாவுமோ?"

"ஓம். பக்கத்திலை."

அறை இருந்த அமைதியில் அவன் மூச்சு அவளுக்கும் கேட்டிருக்கும். அங்கே குழாய் இல்லை. போக வழியும் இல்லை. மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"குரல் அடைக்குது. சளியே?"

அவன் ஏதோ சொன்னான்.

"சுடுதண்ணி தருவாங்களோ?"

அதற்கும் ஏதோ சொன்னான்.

"வெக்கப்படாமல் கேட்டுக் குடி."

நேரம் முடிந்து போன் அறுந்தது. அவள் அதைப் பாட்டுக்காரரிடம் கொடுத்தாள். அவர் கூடையில் போட்டார். அதே பாட்டை மூன்றாம் தரம் முதலிலிருந்து தொடங்கினார். கடைசிவரை கேட்டோம்.

கட்லட் முழுக்க முடிந்திருந்தது. வெறும் தட்டோடு வீட்டுக்கு வந்தோம். அவள் குசினியில் நின்று தட்டைக் கழுவினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"இஞ்சருங்கோ, அவன் வர இன்னும் எத்தினை ஞாயிறு?"

முன்னம் ஒருநாளும் அவள் அதைக் கேட்டதில்லை. காலண்டரைக் கழற்றி மேசையில் வைத்து, விரலை வைத்து எண்ணினேன்.

முப்பத்தொன்று.