கருத்துப் படிவங்களை நான் நிரப்பிய கதை

தருமபுரியில், சேலம் ரோட்டை ஒட்டிய ஒரு பெண்கள் அரபுக் கல்லூரியில் எனக்குக் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் வேலை. ஏரியூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அரபியில் ஓர் எழுத்தும் தெரியாது. எக்செல் தெரியும். அந்த ஒரே தகுதியில் தாளாளர் என்னைத் தர உறுதிப் பிரிவுக்கு ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார். தரம் என்பது ஃபைலில் இருக்கிறது என்று உளமார நம்பியவர் அவர்.

கல்லூரிக்குக் கிரேடு போடும் மதிப்பீட்டுக் குழு வரப் பத்து நாள் இருந்தபோதுதான், மாணவியரின் கருத்துப் படிவங்களைக் கேட்பார்கள் என்று தெரிந்தது. எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

"நீங்களே எழுதிருங்க மேடம். பொண்ணுங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?" என்றார் தாளாளர்.

எழுதினேன். மாணவியரின் பெயர்களைப் போட்டு, கையெழுத்தை இடமும் வலமுமாகச் சாய்த்து, "நூலகம் சிறப்பு", "ஆசிரியர்கள் அன்பானவர்கள்" என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன். நம்பும்படி இருக்கட்டும் என்று நடுநடுவே "கேன்டீனில் டீ சுமார்" என்றும் சேர்த்தேன். எங்களுக்குக் கேன்டீனே கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது.

ஹதீஸ், அதாவது நபிமொழிப் பாடம் நடத்தும் ஆலிமா அந்தப் படிவக் கட்டைப் புரட்டினார். அவருக்கும் என் வயதுதான்.

"எங்க பாடத்துல ஒரு சேதி வந்தா, யார் சொன்னாங்க, அவங்க யார்கிட்ட கேட்டாங்கன்னு ஒவ்வொருத்தரா விசாரிச்சுத்தான் ஏத்துக்குவோங்க. இது யார் சொன்னதுங்க மேடம்?"

"நான்தாங்க."

"யார்கிட்ட கேட்டீங்க?"

"யார்கிட்டயும் கேக்கலீங்க."

"அப்ப இது பலவீனமான சேதிகூட இல்லீங்க. இட்டுக்கட்டினது." சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

குழு வந்தது. தலைவர் ஒரு படிவத்தை உருவி, அதில் பெயர் இருந்த மாணவியை அழைத்தார். "இது நீ எழுதினதாம்மா?"

அவள் நிதானமாகப் படித்தாள். "பேரு என்னுதுதாங்க சார். எழுதினது நான் இல்லீங்க."

தலைவர் என்னை ஒரு நொடி பார்த்தார். ஃபைலை மூடினார். "சாப்பாடு ரெடியா?" என்றார்.

நல்ல கிரேடு கிடைத்தது. மாணவியர் கருத்தைக் கேட்கும் முறை முன்மாதிரியானது என்று அறிக்கையில் தனிப் பாராட்டு வேறு. ஆலிமாவின் வகுப்பில் பெண்கள் தினமும் அவரை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்பார்கள். அதற்கு மட்டும் 'ஆவணம் இல்லை' என்று குறை. தாளாளர் பஸ் ஸ்டாண்டில் பேனர் வைத்தார். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அப்போது ஆலிமா இருந்த பக்கம் என்னால் திரும்ப முடியவில்லை.

மறுவாரம் வெற்றுப் படிவங்களை வகுப்பு வகுப்பாகக் கொடுத்தேன். பாதிப் பேர் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள்: மாடிக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும்.

தாளாளரிடம் காட்டினேன். "இதெல்லாம் ஃபைல்ல வெக்காதீங்க மேடம். அடுத்த கமிட்டி வரதுக்குள்ள மாட்டிடலாம்."

"அதுக்கு இன்னும் அஞ்சு வருசம் இருக்குதுங்களே?"

"அதத்தான் சொல்றேன். டைம் இருக்குது."

சனிக்கிழமை ஹார்டுவேர் கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்து நானே மாட்டினேன். ஆலிமா கதவைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் கோணல்தான், ஆனால் தாழ் விழுகிறது.