நடுவில் இருந்த படங்கள்

இறந்துபோன ஒரு குழந்தையின் படங்களை நான்தான் அழித்தேன். அழித்துவிட்டு, பழியை அதன் தகப்பன் தலையில் போட்டேன்.

உங்களிடம் சொல்கிறேன்... சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லத் துணிவில்லாததால்.

திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் எங்கள் தையல்காரர்களுக்கும் நடுவே நின்று இருபுறமும் திட்டு வாங்குகிற வேலை. செக்கிங்கில் பிடிபடும் ஓட்டை, எண்ணெய்க் கறை, கோணல் தையல் எல்லாவற்றையும் படமெடுத்து என் கணினியில் ஏற்றுவோம். பையரின் ஆள் தணிக்கைக்கு வருவதற்குள் அவற்றை அழித்துவிடுவோம். அது எங்கள் வழக்கம்.

அயர்னிங் பிரிவில் முருகேசன் என்றொருவன். அவனுடைய பெண் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. அவன் மனைவி மல்லிகா போனில் இருந்த படங்களைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டே கிடந்தாள். அந்தப் போனும் பழுதாகி அடிக்கடி அணைந்துபோனது. சரிசெய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லிவிட, முருகேசன் அதை முதலில் என்னிடம் கொண்டுவந்தான்.

"ஏனுங்க சார், பாப்பா போட்டோவ உங்க சிஸ்டத்துல கொஞ்சம் போட்டு வெய்ங்க. வேற எங்கயும் இல்லீங்க."

குறைப் படங்களின் ஃபோல்டர் திறந்து கிடந்தது. அதிலேயே கொட்டினேன். பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அவன் போனை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனான்.

மறுநாள் தணிக்கை. முதல் படத்தின் மேல் ஒரு கிளிக். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு கடைசிப் படத்தின் மேல் இன்னொரு கிளிக். நடுவில் இருப்பவை அத்தனையும் ஒரே நொடியில் நீலமாகிவிடும். ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருப்பவர்களை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்! அதே வேகத்தில், குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாதபடி அடியோடு அழித்தேன்.

நடுவில் என்ன இருந்தது என்று பார்த்தேனா? இல்லை... பார்க்கவே இல்லை.

பாப்பா படங்கள் நினைவுக்கு வந்தபின் மீட்க என்னென்னவோ செய்து பார்த்தேன். ஒன்றும் திரும்பவில்லை.

முருகேசனும் மல்லிகாவும் பென்டிரைவோடு வந்து நின்றபோது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "போன்ல பாப்பா படம் எதுவுமே இல்லீங்களே... யாரோ முன்னாடியே அழிச்சிருக்காங்க" என்றேன்.

"நான் குடுக்கறப்ப இருந்துச்சுங்க சார்!" என்றான் முருகேசன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இல்லை என்றேன். எப்படி முடிந்தது என்னால்?

மல்லிகா அவன் பக்கம் திரும்பினாள். "நான் அழுவறது உங்களுக்கு ஆகல. அதுக்குத்தான் அழிச்சுப்போட்டீங்க!" அன்றே சேவூருக்கு, அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் போய்க் கூப்பிட்டும் வரவில்லை.

போன வாரம் முருகேசன் என் மேஜையருகே வந்தான். ஆள் பாதியாகியிருந்தான்.

"ரோசிச்சுப் பார்த்தனுங்க சார். நானே கை தவறி எதையோ அமுக்கிப் போட்டனாட்ட இருக்குது... எம்புள்ள மொகத்த நானே அழிச்சுப்போட்டனுங்க."

இப்போதாவது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து அவன் தோளைத் தட்டினேன்.

"தெரியாமப் பண்ணதுதானே முருகேசா. விடு" என்றேன்.

அவன் கண்கலங்கி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.