பொது அடுப்பு

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே அடுப்பு. ஒரே உலை, ஒரே பந்தி, உன்னது என்னது கிடையாது. என் வீட்டுக்காரரின் யோசனை அது. அவருக்குச் சொந்த ஊர் வாசுதேவநல்லூர். அங்கே குளத்துத் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல, இங்கே சமையலுக்கும் வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்தார். மற்ற நாளெல்லாம் பெண்கள் படிக்கலாம், ஓய்வெடுக்கலாம் என்றார். நான் நம்பினேன். சத்தியமாக நம்பினேன். அந்த ஓய்வில்தான் அரசாங்க வேலைக்கான தேர்வுக்குப் படித்தேன். வயது வரம்பின்படி எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

தேர்வும் எங்கள் வீட்டு முறையும் ஒரே நாளில் வந்து தொலைத்தன. மற்ற மூன்று பெண்களும் அன்று கரிவலம்வந்தநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார்கள். முந்தின நாளே அவரிடம் சொன்னேன்.

"நாளைக்கு நீங்க சோறு பொங்கணும். எனக்குப் பரீட்சை."

"ஏட்டி, விளையாடுதியா? சாயங்காலம் கூட்டத்துல சமத்துவத்தப் பத்தி நான் பேசணும். நீ அடுத்த தடவ எழுதிக்கிடலாம்லா?"

அடுத்த தடவையாம்! கட்டினவளுக்கு என்ன வயசு என்றே தெரியாத மனுஷன் உலகத்தைச் சமமாக்கப் புறப்பட்டிருக்கிறார்.

"வயலுக்குத் தண்ணி முறைன்னா மம்பட்டியத் தூக்கிட்டு நீங்கதான போவீங்க? அடுப்பு முறைன்னா மட்டும் நானா?"

காலையில் அரிசி டின்னைக் காட்டிவிட்டுத் தேர்வுக்குப் போய்விட்டேன்.

எழுதிவிட்டுத் திரும்பினால், அடுப்பு பற்றவே இல்லை. நாலு ஆண்களும் கடையில் பரோட்டா தின்றுவிட்டு மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாளையிலிருந்து அவரவர் வீட்டில் அவரவர் சமையல் என்று முடிவாம். எங்கள் யாரையும் கேட்கவில்லை. பரீட்சை எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களில் மூத்தவர், பள்ளிக்கூட வாத்தியார், பெருமூச்சு விட்டார்.

"என்னம்மா செய்ய? பொதுவுல வாழுததுக்கு நம்ம சனம் இன்னும் பக்குவப்படல."

"எந்த சனம் அண்ணாச்சி? இத்தன மாசமா நாங்க பொதுவுலதான பொங்கிப் போட்டோம்? ஒரு நாள் ஒங்க கையி அரிசி களையணும்னதும் ஒங்க புது உலகம் முடிஞ்சு போச்சாக்கும்!"

"ஏட்டி, கத்தாத. தெருவுல கேக்கும்," என்றார் வீட்டுக்காரர்.

கேட்கட்டுமே. நன்றாகக் கேட்கட்டும்!

மறுநாள் நாங்கள் நாலு பெண்களும் அதே அடுப்பைப் பற்றவைத்தோம். முறையை மட்டும் மாற்றிவிட்டோம். இனி வீட்டுக்கு ஒரு நாள் இல்லை, ஆளுக்கு ஒரு நாள். ஆணோ பெண்ணோ, முறை செய்யாதவருக்குச் சோறு கிடையாது. தேர்வு முடிவு இன்னும் வரவில்லை. வாத்தியார் போன வாரம் வந்து முணுமுணுத்துக்கொண்டே ரசம் வைத்தார், உப்பு கூடிப்போனது, எல்லாரும் குடித்தோம். என் வீட்டுக்காரர் மட்டும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய்ச் சமத்துவம் பேசிவிட்டு, இன்னமும் கடையில்தான் சாப்பிடுகிறார்.