மத்தியானப் படம்

நைனார்பாளையம் ஏரியில் நூறு நாள் வேலை. காலையில் ஒரு படம், மத்தியானம் ஒரு படம். பணித்தளப் பொறுப்பாளர் தமிழ்மொழியின் செல்போனில் இரண்டிலும் முகம் விழுந்தால்தான் கூலி. இடையில் மண் சுமந்தது யார், மரத்தடியில் சாய்ந்து கிடந்தது யார் என்று அந்தப் போனுக்குத் தெரியாது.

பூமாலைக்குக் கைக்குழந்தை. புருஷன் வெளியூருக்குக் கரும்பு வெட்டப் போய்விட்டான். பிள்ளையைப் பார்க்க வேறு நாதி இல்லை. வேப்பமரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு மண் வெட்டுவாள். அன்று மத்தியானம் எல்லாரும் படத்துக்கு வரிசை கட்டியபோது தூளிக்குள் எறும்பு ஏறிவிட்டது. பிள்ளை வீரிட்டதுதான் தாமதம், ஓடினாள். திரும்புவதற்குள் படம் மேலே போய்விட்டது. காலையிலிருந்து வெயிலில் வெந்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

தமிழ்மொழி கெட்டவள் இல்லை. அனுப்பிய படத்தைத் திருத்த முடியாது என்று அழாத குறையாகச் சொன்னாள். பிள்ளைகள் நாலைந்து சேர்ந்தால் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போடலாம், அவருக்கும் அதே கூலி என்று சட்டமே இருக்கிறதாம். ஆபீசில் கேட்டால் பார்க்கலாம் என்கிறார்களாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? வேலையை விட்டால் அடுப்பு எரியாது, விடாவிட்டால் பிள்ளையை எறும்பு தின்னும்.

மறுநாள் படத்துக்குப் பூமாலை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். இறக்கச் சொன்னாள் தமிழ்மொழி.

"எறக்க மாட்டேன் தமிழு. நான் வேலைக்கி வந்தா இதுவுந்தான் வருது. மேல இருக்கறவங்களும் பாக்கட்டும்."

பக்கத்தில் நின்ற அருள்மொழி மரத்தடிக்குப் போய்த் தன் பிள்ளையைத் தூக்கி வந்தாள். பிறகு மற்ற தாய்மார்களும். தமிழ்மொழி கொஞ்சம் யோசித்துவிட்டு அப்படியே எடுத்து அனுப்பினாள். அந்தத் துணிச்சலுக்கே அவளைக் கும்பிடலாம்.

சாயங்காலமே மேலிருந்து போன் வந்தது, திட்டுவதற்கு. ஆனாலும் தினம் அதே மாதிரிப் படம்தான் போனது. கடைசியில், முட்டி தேய்ந்து மண் சுமக்க முடியாமல் தவித்த இருசம்மாளைப் பிள்ளை பார்க்கப் போடச் சொல்லிவிட்டார்கள்.

முதல் நாள். மரத்தடியில் பாய் விரித்து இருசம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் பூமாலையின் பிள்ளை. பூமாலை வெறும் இடுப்போடு வரிசையில் நின்றாள். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தமிழ்மொழி போனைத் தூக்கினாள்.

"யக்கா, இங்க பாருங்க."

பிள்ளை அழவில்லை. இருசம்மாளின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பூமாலைக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, ஏக்கமாகவும் இருந்தது.

"இரு தமிழு. ஒரு தடவ பாத்துக்கறேன்."

தமிழ்மொழி போனை இறக்கிவிட்டு, அவள் திரும்பும்வரை காத்திருந்தாள்.