கோமதிக்கு எரிந்த விளக்கு

பேய், பிசாசு, சகுனம் எதையும் நம்பாதவன் நான். போலீஸ் வேலையில் பிணவறைக் காவலுக்கு உட்கார்ந்து, அங்கேயே பொட்டலத்தைப் பிரித்துப் புரோட்டா தின்றவன். இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள், நடந்ததைத்தான் சொல்கிறேன்.

என் மகள் கோமதிக்குப் புனலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. தென்காசியிலிருந்து புளியரை மலைப்பாதை வழியாகக் காரில் போய்வருவதாக ஏற்பாடு. கார், நான் சுரண்டையில் புரோக்கர் மூலம் வாங்கிய பழைய வண்டி. வேலையில் சேருவதற்கு முந்தின வாரம், பழகட்டுமே என்று அவளை ஓட்டவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாரல் காலம், குற்றாலம் ரோடு முழுக்கக் குளிக்க வந்த கூட்டம். ஐந்தருவிப் பக்கம் திரும்பும்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏர்பேக் விளக்கு எரிந்தது, மடியில் பந்தை வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பானே, அந்தப் படம். கொஞ்ச தூரத்தில் அணைந்துவிட்டது. மறுநாளும் அப்படியே. மழை ஈரத்தில் எங்கேயோ வயர் லூசாகியிருக்கும், விடு என்றேன். அவளா விடுவாள், என் மகளாயிற்றே.

"யப்பா, இந்த லைட்டு ஏன் எரியுதுன்னு தெரியாம நான் மலை ஏற மாட்டேன்."

கிடைத்த வேலை போய்விடுமோ என்று எனக்கு எரிச்சல். அவள் ஓட்ட, நான் திட்டிக்கொண்டே இலஞ்சியில் மெக்கானிக் இசக்கியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். வழியெல்லாம் எரிந்த விளக்கு வாசலில் அணைந்துவிட்டது, டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் போகிற கதைதான். இசக்கி சாவியைப் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான். சாவி போட்டதும் எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணைய வேண்டுமாம், இது மட்டும் வரவே இல்லையாம். மீட்டரைக் கழற்றினான். நம்பினால் நம்புங்கள், அந்தப் படத்துக்குப் பின்னால் பல்பே இல்லை. பல்பு இருக்கவேண்டிய துளையில் கறுப்பு டேப், டேப்பின்மேல் பழைய தூசி. பிறகு ஸ்டியரிங் நடுவில் இருந்த மூடியைத் திறந்தான். ஏர்பேக்குக்குப் பதிலாகக் கந்தல் துணியைத் திணித்து வைத்திருந்தார்கள். எப்போதோ மோதி வெடித்த பையை எடுத்துவிட்டு, வண்டி விலை போக வேண்டுமே, விளக்கு காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று பல்பையும் பிடுங்கியிருக்கிறார்கள்.

இந்த வண்டியில்தான் என் பிள்ளையை மலைக்கு அனுப்பப் பார்த்தேன்.

விளக்கு எரிந்தபோது கோமதி போனில் எடுத்த படத்தை இசக்கியிடம் காட்டினாள். அவன் அதையும் கழற்றிய மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, பை இல்லாததுக்கு நான் காரணம் சொல்லுதேன். பல்பு இல்லாம எரிஞ்சதுக்கு எங்கிட்ட கேக்காதிய."

புதுப் பை, புது பல்பு எல்லாம் போட்டாயிற்று. இப்போது சாவி போட்டால் எரிகிறது, ஒழுங்காக அணைகிறது. கோமதி மலையேறிப் போய்வருகிறாள், நாங்கள் நிம்மதியாகத் தூங்குகிறோம். எது எரிந்ததோ, நல்லதுக்குத்தான் எரிந்தது.

ஒன்றுதான் உறுத்துகிறது, அதைக் கிளப்பியது என் வீட்டுக்காரி. கோமதி கைக்குப் போகும்வரை ஒரு வருஷம் அந்தக் காரை நான்தான் ஓட்டினேன், சங்கரன்கோவில், திருநெல்வேலி என்று சுற்றாத ஊரில்லை.

"ஒங்களுக்கு ஒருநாளாச்சும் எரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

இல்லை. ஒருநாள்கூட எரியவில்லை.