இருபது மணி நேரமா, நாற்பதா: ஐந்தருவியில் ஒரு முடிவு

செப்டம்பரில் அலுவலகம் என்னை இரண்டு வருடத்துக்கு அமெரிக்கா அனுப்புகிறது. அங்கே வார இறுதிகளில் விமானம் ஓட்டப் பழகுவதாகத் திட்டம். பயிற்சிப் பள்ளி கேட்டது ஒரே கேள்வி: ஸ்போர்ட் பைலட்டா, பிரைவேட் பைலட்டா? திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். யோசிப்பதற்காகக் குற்றாலம் போனேன். ஜூலை, சாரல் காலம். இதைத்தான் முதல் காரணமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து இரவு ரயில், காலையில் தென்காசி. உடன் கணவர் இசக்கி. அவருக்குச் சொந்த ஊர் பக்கத்தில் வடகரை. ஸ்டேஷனிலிருந்து ஐந்தருவி சுமார் பத்து கிலோமீட்டர். ஆட்டோ நானூறு கேட்டு, முந்நூற்றைம்பதுக்குப் படிந்தது.

வழியெல்லாம் எங்களுக்குள் அதே விவாதம். டிரைவருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, பிளேன் பிளேன்னு பேசிட்டு வாறீய?"

"வீட்டம்மா ஓட்டப் போறா."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "எந்த ரூட்லக்கா?"

இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காக: ஸ்போர்ட் உரிமத்துக்குக் குறைந்தது இருபது மணி நேரம் பறக்க வேண்டும். பகலில், சிறிய விமானத்தில், ஒரே ஒரு பயணியோடு. மருத்துவச் சான்றுக்குப் பதில் அந்நாட்டு ஓட்டுநர் உரிமமே போதும். பிரைவேட் என்றால் குறைந்தது நாற்பது மணி நேரம். நான்கு இருக்கை விமானத்தில் இசக்கி, அம்மா, அப்பா மூவரையும் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் மருத்துவப் பரிசோதனை உண்டு. அதில் மறுத்துவிட்டால், ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி ஸ்போர்ட் எடுக்கும் வழியும் அடைபடும். இரண்டும் போய்விடும்.

எனக்குச் சின்ன வயதில் மூச்சிளைப்பு இருந்தது. அதனால் மனதுக்குள் ஸ்போர்ட் என்று முடிவாகியிருந்தது. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தருவியில் நல்ல தண்ணீர். ஆண்கள் பக்கம் இசக்கி போய்விட்டார். பெண்கள் பக்கத்தில், ஓரமாக, பையோடு நான். குற்றாலத்துக்கு வரும் எந்தக் கூட்டத்திலும் பை காக்க ஒருவர் உண்டு. எங்கள் வீட்டில் எப்போதும் அது நான்.

"ஏ புள்ள, சும்மாதான நிக்க? இதையும் பாத்துக்கோ." தலை நிறைய எண்ணெயோடு ஒரு அக்கா தன் பையை என் காலடியில் வைத்துவிட்டுப் போனார். ராயகிரியிலிருந்து வேன் பிடித்து வந்தவர். அவரைப் பார்த்து அடுத்தவர். அவரைப் பார்த்து இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் முன்பின் தெரியாதவர்களின் செருப்பு, செல்போன், ஈரத் துண்டு, ஒரு கிலோ ரம்புட்டான், எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு.

அந்த அக்கா திரும்பி வந்தார், சொட்டச் சொட்ட.

"நீ குளிக்கலியா?"

"இளைப்பு வரும்க்கா."

"கடைசியா எப்ப வந்துது?"

யோசிக்க வேண்டியிருந்தது. "அஞ்சாங்கிளாஸ்ல."

"டாக்டரு குளிக்கக் கூடாதுன்னாராக்கும்?"

"அம்மா சொன்னாங்க."

"நல்லாருக்கு. எங்க வீட்டுக்காரரு போலீசு. அவருகூட இப்பிடிக் காவல் காத்ததில்ல. நீ போய்க் குளிட்டி, நான் நிக்கேன்."

போனேன். முதலில் மூச்சே இல்லை. தண்ணீர் அல்ல, எடை. பிறகு மூச்சு வந்தது. பிறகு யாரோ கத்தினார்கள், நான்தான். தண்ணீரின் நிறம் மாறியதும், வெள்ளம் வருகிறதென்று காவலர் விசில் அடித்தார். எல்லோரும் வெளியே. பாறையில் நின்று இளைப்புக்காகக் காத்திருந்தேன். ஒரு தும்மல் வந்தது.

அருவி மருத்துவச் சான்று தராது என்று தெரியும். எனக்கு உறைத்தது வேறு. இத்தனை வருடத்தில் ஒரு மருத்துவரிடமும் நான் இதைக் கேட்டதில்லை.

அன்று மாலையே தென்காசியில் நுரையீரல் மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார். ஊதுங்க, இன்னும், இன்னும். எண்களைப் பார்த்துவிட்டு, குறை எதுவும் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் இசக்கி சொன்னார்: "ஏட்டி, அந்த மெஷின் பாவம்."

இதுபோல் தேர்வு செய்யப் போகிறவர்களுக்கு: மருத்துவப் பரிசோதனைக்கு விண்ணப்பிக்கும் முன்பே, விமானிகளைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் பழைய தாள்களோடு தனியாக ஆலோசனை கேளுங்கள். அது விண்ணப்பம் ஆகாது. ஆலோசனைதான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பறக்க ஆசை, தனியாகவோ துணையோடோ போதும் என்றால் ஸ்போர்ட் அருமையான உரிமம். அதில் பறந்த மணி நேரங்கள் பின்னால் பிரைவேட்டுக்கும் கணக்கில் வரும். ஆனால் பயத்தில் எடுக்காதீர்கள். குற்றாலத்துக்கு: வார நாளில் போங்கள், எண்ணெய் தேய்க்கும் முன் அருவி திறந்திருக்கிறதா என்று பாருங்கள், விசில் அடித்தால் வாதாடாதீர்கள். பை காப்பதற்கு முறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மாலை, ரயிலுக்குக் காத்திருக்கும்போது பள்ளிக்குப் பதில் அனுப்பினேன்: பிரைவேட். அங்கே இருக்கும் மருத்துவர் என்ன சொல்வார் என்று தெரியாது. கேட்கப் போகிறேன்.

பிறகு அம்மாவுக்குப் போன் செய்தேன். ஐந்தருவியில் குளித்தேன் என்றேன்.

இளைப்பைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப பையை யாரு பாத்தா?"