பெட்டியின் மேல் எழுபத்தெட்டு கிலோ

பஸீலா அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். பெட்டிக்குள் ஒரு சைக்கிள் இருக்கிறது. பெட்டியைத் தரையில் படுக்கப்போட்டு, உள்ளே சக்கரம் இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் உட்காருவார். "எழுவத்தெட்டு கிலோ. பொய்யில்ல, நேத்துதான் தராசுல நின்னு பார்த்தேன்" என்று எடையை அவரே சொல்லிவிடுவார், கேட்கும் துணிச்சல் இங்கே யாருக்கும் இல்லை. டீ முடியும்வரை அசைய மாட்டார். முடிந்ததும் எழுந்து, பெட்டியை நிமிர்த்தி இரண்டு உலுக்கு உலுக்கி, சத்தம் வருகிறதா என்று காது கொடுப்பார்.

எங்கள் தீவில், டெலானிபூர் மேட்டில், அரசு குவார்ட்டர்ஸ்களுக்கு நடுவே இருக்கிறது அவர் கடை. பெயர்ப்பலகை கிடையாது. மாற்றலாகி மெயின்லேண்ட் போகிறவர்களின் பீரோ, ஃப்ரிட்ஜ், கிரைண்டர், சாமி படம் எல்லாவற்றையும் கப்பலுக்குக் கட்டிக் கொடுப்பது தொழில். இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறார். 'பேக்கிங்' என்ற சொல் அவர் வாயில் வராது, 'கட்டுறது'தான். எனக்கும் ஒருமுறை மாற்றல் உத்தரவு வந்து, அவர் வீட்டை முழுக்கக் கட்டி முடித்த மறுநாள் ரத்தானது. பிரித்துப் பார்த்தால் ஊறுகாய் பாட்டிலுக்குக்கூடத் தனியாக ஒரு சட்டை போட்டிருந்தார். அவிழ்க்க எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

வீடு பாம்பூஃப்ளாட்டில். தினமும் காலையில் ஃபெர்ரியில் சாத்தம் துறைமுகம் வந்து, அங்கிருந்து பஸ். ஃபெர்ரியில் அவர் கடலைப் பார்த்து நான் பார்த்ததில்லை. மற்றவர்களின் மூட்டைகளைப் பார்ப்பார். முடிச்சு சரியில்லை என்றால் முன்பின் தெரியாதவர் பையையும் அவிழ்த்துக் கட்டிவிடுவார். "அரே பாய், இது முடிச்சா? மூணு படி இறங்கினா அவுந்துரும்" என்பார். ஒரு பெங்காலிக்காரர் திருடி என்று நினைத்துக் கத்தியே விட்டார். பஸீலா முடிச்சை முடித்துவிட்டுத்தான் அவருக்குப் பதில் சொன்னார்.

சைக்கிள் அவரிடம் வந்தது தற்செயல். இந்தத் தீவுப் பிள்ளைகள் சைக்கிள் பந்தயத்தில் கெட்டிக்காரர்கள். மெயின்லேண்டில் போட்டி என்றால் கப்பலில் மூன்று நாள் போக நேரமிருக்காது, விமானம்தான். கட்டத் தெரிந்தவர் யார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஊர் பஸீலாவைக் காட்டியது. அவரும் கட்டினார், கப்பலுக்குக் கட்டுகிற மாதிரியே.

வினை அங்கேதான். கப்பலுக்குக் கட்டினால் பெட்டி மேல் அம்புக்குறி போட்டால் போதும். சாத்தத்தில் சுமை ஏற்றுகிறவர்கள் எல்லாரும் அவருக்குப் பழக்கம். அம்பு மேலே பார்க்க நிறுத்திவைப்பார்கள், மூன்று நாளும் அது அப்படியே நிற்கும். போன வருடம் அகிலா என்ற பெண்ணின் பந்தயச் சக்கரங்கள் இரண்டையும் ஒன்றோடொன்று முகம் பார்க்க வைத்து, இறுக்கிக் கட்டி, அம்பும் போட்டு அனுப்பினார். விமானத்தில் அம்பை யார் பார்த்தார்கள்? பெட்டியைப் படுக்கப்போட்டு மேலே சூட்கேஸ்களை அடுக்கியிருக்கிறார்கள். ஒரு சக்கரத்தின் அச்சுமுனை இன்னொன்றின் கம்பிகளுக்குள் இறங்கிவிட்டது. டெல்லியில் பெட்டியைப் பிரித்தபோது கம்பி இரண்டு முறிந்து, ரிம் அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. அந்த அளவுக் கம்பி அங்கே கிடைப்பதற்குள் அகிலாவின் பந்தயம் முடிந்துவிட்டது.

விமானக்காரர்கள் மேல் புகார் எழுதச் சொல்லி எல்லோரும் பஸீலாவைத் தூண்டினார்கள். நான்தான் முதல் ஆள். அவர் அசையவில்லை. "அவங்க மேல என்ன இருக்கு? கல்தி என்னோடது" என்றார். கல்தி என்றால் தவறு. இங்கே தமிழர்கள் சண்டையையும் மன்னிப்பையும் பாதி இந்தியில்தான் முடிப்பார்கள். "ஜஹாஜ் புத்தியில கட்டிட்டேன். கப்பல் வேற, பிளேன் வேறன்னு தோணலயே எனக்கு."

யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். "சறுக்கினா யானைக்குத்தானே அடி? இங்க அடி வாங்குனது அந்தப் புள்ள" என்றார்.

அதன் பிறகு நான்கு மாதம் கடையின் பின்பக்கம் ஒரே அட்டகாசம். பழைய சக்கரங்களை வாங்கிவந்து, கட்டி, படுக்கப்போட்டு, மேலே ஏறி மிதித்தார். மூன்று சக்கரங்கள் அவர் காலடியில் உயிரை விட்டன. நான்காவது தப்பியது. அச்சு முனைகளுக்கு ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டித் தொப்பி போடுகிறார். மின்னி பே கரையில் ஒற்றைச் செருப்புகள் எந்த நாட்டிலிருந்தோ வந்து ஒதுங்குகின்றன. வாரம் ஒரு பை பொறுக்கிவருகிறார். ரிம்மைச் சுற்றி, ஏசி குழாய்க்கு மாட்டும் கறுப்பு ஸ்பாஞ்ச். சக்கரங்களைச் சேர்த்துக் கட்டுவதில்லை. நடுவே சைக்கிளின் உடம்பு, பக்கத்துக்கொரு சக்கரம், கம்பிகளின் மேல் கெட்டி அட்டை. டயரில் பாதிக் காற்றை விட்டுவைப்பார். "முழுசா எடுத்துட்டா அடி நேரா ரிம்முக்குத்தான்." கடைசியாக, பெட்டியின் அகலத்துக்கு அளந்து வெட்டிய பிவிசி பைப் ஆறு துண்டு, ஒரு பக்க அட்டையிலிருந்து மறுபக்க அட்டை வரை முட்டுக்கொடுத்து நிற்கும். "மேல எத வச்சாலும் பைப்பு சொமக்கட்டும். சக்கரம் ஓடப் பொறந்தது. அது ஏன் சொமக்கணும்?" அம்புக்குறி போடுவதை நிறுத்திவிட்டார்.

இந்த நவம்பரில் அகிலா வந்தாள். வரமாட்டாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கூட அப்பா ஈஸ்வரன். இங்கே மின்துறையில் வேலை, சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். டிசம்பரோடு அகிலாவுக்கு ஜூனியர் வயது முடிகிறது. ஐதராபாத்தில் நடக்கும் இந்தப் பந்தயத்தில் முதல் நான்கு பேருக்குள் வந்தால்தான் தேசியப் பயிற்சி முகாம். மாற்றுச் சக்கரம் என்று ஒன்று கிடையாது.

"போன வருசம் மாதிரி ஆயிறக் கூடாதுக்கா" என்றார் ஈஸ்வரன், தரையைப் பார்த்தபடி. "நான் வேற ஆள்கிட்டக் குடுக்கலாம்னு சொன்னேன். இவதான் கேக்கல."

"அந்தப் பெட்டியத் தொட்டவங்க எத்தனையோ பேர்ப்பா" என்றாள் அகிலா. "தன் தப்புன்னு சொன்னது பஸீலாக்கா மட்டும்தான். நீங்களே கட்டுங்கக்கா."

பஸீலா கத்தரியைத் தேடினார். கத்தரி கையில்தான் இருந்தது.

மறுநாள் விமான நிலைய வாசல்வரை போனார். தள்ளுவண்டியில் பெட்டி உள்ளே போய் மறைந்த பிறகும் கண்ணாடிக் கதவருகே நின்றுகொண்டிருந்தார். காவலர் இரண்டு முறை விலகச் சொன்னார். "டயர்ல காத்தப் பூரா எடுன்னுருவாங்களோ?" என்று என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும்? சொல்ல மாட்டார்கள் என்று தைரியமாகப் பொய் சொன்னேன்.

அன்று மாலைவரை அவருக்கு வேலை ஓடவில்லை. ஒரு மிக்ஸியைக் கட்டி அவிழ்த்து, கட்டி அவிழ்த்து, மூன்றாம் முறை ஓரமாக வைத்துவிட்டார். ஐந்தரைக்கு போன் வந்தது, வீடியோ அழைப்பு. அகிலா விடுதி அறையின் தரையில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. அட்டையில் யாருடைய பூட்ஸ் தடமோ தெரிந்தது.

"உசுரோட இருக்கா?" என்றார் பஸீலா. சக்கரத்தைத்தான் கேட்டார்.

"நீங்களே பாருங்கக்கா." அகிலா போனைச் சுவரில் சாய்த்துவைத்தாள். அச்சை இரு கையாலும் பிடித்துச் சக்கரத்தைத் தூக்கி, ஓரம் எங்களுக்குத் தெரியும்படி திருப்பினாள். பக்கத்திலிருந்த தோழி அதைச் சுண்டிவிட்டாள். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

கோட்டம் பார்க்கிறவர்கள் ரிம்மை ஒட்டிக் கட்டைவிரலை வைப்பார்கள். வளைவு இருந்தால் விரலில் தட்டும். பஸீலா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். வலது கட்டைவிரலைப் போன் திரையில், சுழலும் ரிம்மின் ஓரத்தில் வைத்தார். ரிம் ஒரு சுற்றிலும் விரல் பக்கம் ஒதுங்கவில்லை. சக்கரம் சுற்றி ஓய்ந்து தானாக நிற்கும்வரை விரலை எடுக்கவில்லை.